நோகாதபோதே கிளினிக்குக்குப் போவது எப்படி

“எனக்கு நோ ஒண்டுமில்லைப் பிள்ளை, பிறகேன் கிளினிக்?”

கிராமச் சுகாதாரத் தொண்டராக மிட்வைஃப் அக்காவோடு வீடுவீடாகத் திரிந்த வருடங்களில் நான் அதிகம் கேட்ட வசனம் இது. படலைக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன், வயல் வரம்பில் கேட்டிருக்கிறேன், சங்கக்கடை வாசலிலும் கேட்டிருக்கிறேன். சொன்னவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வன்னியில் ஆசுப்பத்திரி என்பது காயப்பட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற இடமாக எத்தனையோ வருடம் இருந்தது. மருந்தில்லாமல், கட்டத் துணியில்லாமல் தாங்கிப் பழகிய சனம் நாங்கள். நோ இல்லாத ஒருவர் அங்கே போய் வரிசையில் நிற்பது வருத்தக்காரரின் இடத்தைப் பிடிப்பது போலக்கூடச் சிலருக்குப் படுகிறது.

ஆனால் புற்றுநோய் தொடக்கத்தில் நோகாது. மார்பில் வரும் கட்டி பெரும்பாலும் நோகாது. வெற்றிலை அடக்கிய கன்னத்தின் உட்பக்கம் படியும் வெள்ளைப் படலம் நோகாது. கருப்பைக் கழுத்தில் கலங்கள் கெடத் தொடங்கிப் புற்றாக மாறப் பத்து, பதினைந்து வருடம் எடுக்கும். அவ்வளவு காலமும் அந்தப் பெண் தண்ணி அள்ளுவார், நாற்று நடுவார், பிள்ளை வளர்ப்பார், ஒன்றும் தெரியாது. நோ வரும்போது பல நேரம் நோய் வெகுதூரம் போயிருக்கும்.

என் பெரியம்மாவுக்கு இடது மார்பில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி இருந்தது. நோகவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றரை வருடம் யாருக்கும் சொல்லாமல் இருந்தார். தோல் சுருங்கி, அக்குளிலும் திரண்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவரை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. இதை நான் எழுதுவதற்கு அவர்தான் காரணம்.

இது வன்னிக்குப் புதிதாக வந்தவர்களுக்கானது: கலியாணமாகி வந்தவர்கள், வேலை மாற்றத்தில் வந்தவர்கள், தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பி ஊரில் குடியேறியவர்கள். இங்கேயே பிறந்தும் நோயில்லாத நாளில் கிளினிக் வாசல் மிதிக்காதவர்களுக்கும்தான். புற்றுநோய்களில் 30 முதல் 50 வீதம் வரை தடுக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மிச்சத்தில் பலவற்றை நேரத்தோடு பிடித்தால் மாற்றலாம். இரண்டுக்கும் வேண்டிய வசதிகள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நாலு மாவட்டத்திலும் காசில்லாமல் இருக்கின்றன.

முதல் வேலை: உங்கள் மிட்வைஃப் யார்?

கிராம சேவகரிடம் பதியப் போகும் அதே கிழமையில் இதையும் செய்துவிடுங்கள். ஒவ்வொரு ஊருக்கும் பொறுப்பாக ஒரு குடும்பநல உத்தியோகத்தர் இருக்கிறார். நாங்கள் மிட்வைஃப் என்போம், வயதானவர்கள் மருத்துவிச்சி அம்மா என்பார்கள். பிள்ளைப்பேறு பார்ப்பதற்கு மட்டும் உள்ளவர் என்று நினைத்து, பிள்ளைகள் வளர்ந்த வீடுகள் அவரை மறந்துவிடுகின்றன. அது பெரிய இழப்பு. முப்பத்தைந்து வயதுப் பெண்ணைத் தேடி வரவேண்டியவரும் அவர்தான்.

அவருக்கு மேலே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, எம்.ஓ.எச் ஒபிஸ். அங்கே போய், அல்லது மிட்வைஃபிடமே, நாலு விசயம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். பெண்களை நோய் வரமுன்னமே சோதிக்கும் வெல் வுமன் கிளினிக் எந்த நாள், எந்த இடத்தில்? ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையம் கிட்டவாக எந்த ஆசுப்பத்திரியில்? பல் கிளினிக் எந்த நாட்களில்? பிள்ளைகளின் தடுப்பூசியில் ஏதும் தவறியிருந்தால் எங்கே போடலாம்? கிளினிக் நாள் இடத்துக்கு இடம் வேறுபடும். பக்கத்து ஊர்க்காரர் சொன்ன நாளை நம்பிப் போய்த் திரும்பி வந்தவர்கள் பிறகு போவதேயில்லை என்பதைக் கண்ணால் கண்டதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கையில் அடையாள அட்டை, பழைய கிளினிக் கொப்பி இருந்தால் அது, பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு. இடம்பெயர்வில் எல்லாம் போய்விட்டது என்றால் வெட்கப்படாமல் அப்படியே சொல்லுங்கள். வன்னியில் அதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். புதுக் கொப்பி திறப்பார்கள்.

வாயைத் திறந்து பாருங்கள்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நேரம் எடுக்கப்போகிறேன். இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். நாங்களே கண்ணாடியில் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடியதும் அதுதான். கண்ணால் பார்க்கக்கூடிய இடத்தில் வளர்வதைப் பார்க்காமல் விட்டு ஆட்கள் சாகிறார்கள் என்பதை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

வெற்றிலைத் தட்டத்தில் உள்ளவற்றைப் பிரித்துப் பார்ப்போம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. புகையிலை கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். “நான் புகையிலை போடுறேல்லை, வெறும் பாக்குத்தான்” என்று சொல்பவர்கள் தாங்கள் தப்பிவிட்டதாக நினைக்கிறார்கள். தப்பவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு பாக்கையே, புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டையும்கூட, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் 2004இல் சேர்த்துவிட்டது. பாக்கு வாயின் உட்தோலை மெல்ல மெல்ல நாராக இறுக்கும். வாய் திறப்பது வருடா வருடம் குறையும், உறைப்புப் பட்டால் எரியும். சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கி மற்றதெல்லாம் உள்ளே இறங்க வழிவிடும்.

மாவா, பாக்குப் பைக்கற் போன்றவற்றில் புகையிலையும் பாக்கும் சேர்ந்தே இருக்கின்றன. இப்படிப்பட்ட மெல்லும் புகையிலைப் பொருட்களை விற்பது இலங்கையில் 2016இலிருந்து தடை. பாடசாலைக்குப் பக்கத்துக் கடையில் கண்டால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ) சொல்லுங்கள். 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரட், பீடி, சுருட்டு விற்பதும் சட்டப்படி குற்றம். மகனைக் கடைக்கு அனுப்பிச் சுருட்டு வாங்கும் வழக்கத்தை வீட்டில் நிறுத்துங்கள்.

இனிப் பார்க்கும் முறை. மாதம் ஒரு தரம், பகல் வெளிச்சத்தில், ஒரு கண்ணாடியோடு முற்றத்தில் இருங்கள். வாயை நன்றாகக் கொப்பளியுங்கள். செயற்கைப் பல் இருந்தால் கழற்றுங்கள். கீழுதட்டையும் மேலுதட்டையும் மடித்து உட்பக்கம் பாருங்கள். விரலால் கன்னத்தை இழுத்து இரண்டு பக்கமும் பாருங்கள். நீங்கள் வழக்கமாக வெற்றிலையை அடக்குகிற பக்கத்தை இரண்டு தரம் பாருங்கள். முரசு, நாக்கின் மேல்புறம், பிறகு நாக்கை ஒரு பக்கமாக இழுத்து அதன் ஓரங்கள், நாக்கை மேலே தூக்கி அதன் அடி, கடைசியாகத் தலையைப் பின்னுக்குச் சாய்த்து அண்ணம். பிறகு உங்கள் மூன்று விரல்களைச் சேர்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையில் விட்டுப் பாருங்கள். போகவேண்டும். இரண்டு விரல்தான் போகிறதென்றால் வாய் இறுகத் தொடங்கிவிட்டது.

துடைத்தும் போகாத வெள்ளைப் படலம், பட்டுப்போலச் சிவந்த படலம், இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், தடிப்பு, பல் வருத்தம் இல்லாமலே ஆடும் பல், கழுத்தில் திரளை. இவற்றில் எது கண்டாலும் பல் கிளினிக்குக்குப் போங்கள். “பல்லுக் கொதி இல்லையே” என்று நிற்காதீர்கள். பல் வைத்தியர்தான் முதலில் பார்த்து, வேண்டுமென்றால் வாய், முக அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குத் துண்டு எழுதித் தருவார். வெள்ளைப் படலம் எல்லாம் புற்றுநோய் இல்லை. அது புற்றாவதற்கு முன் நிற்கிற படி. அந்தப் படியில் நிற்கும்போது பழக்கத்தை விட்டவர்களுக்குப் படலம் குறைந்து மறைந்ததை நானே கண்டிருக்கிறேன்.

விடுவது எப்படி? வெற்றிலையை விடச் சொன்னால் எங்கள் ஆச்சிமார் முகம் சுருங்கிவிடும். வெற்றிலை வைத்துக் கலியாணம் சொல்வது, தட்டம் நீட்டி வந்தவரை மதிப்பது, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் பண்டமெடுப்பது எல்லாம் அப்படியே இருக்கட்டும். அந்த மரியாதை கையோடு நிற்கட்டும், வாய்க்குள் போகவேண்டாம். அரிவி வெட்டப் போகிற பெண்கள் வெற்றிலை போடுவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது, அதைச் சொல்ல அவர்கள் கூச்சப்படுவார்கள்: அது பசியை அடக்கும். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வயலில் இறங்குபவருக்குப் புத்தி சொல்வதால் மட்டும் பயனில்லை. அவித்த கடலையோ, பயறோ, ஒரு பிடி கச்சானோ மடியில் இருந்தால்தான் வெற்றிலைப் பை வீட்டில் நிற்கும்.

ஒரு நாளைக் குறியுங்கள். அறுவடை முடிந்த அடுத்த வெள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். அதுவரை முதலில் புகையிலையை எடுத்துவிடுங்கள், பிறகு பாக்கைக் குறையுங்கள். இரவில் வாயில் அடக்கிக்கொண்டு படுப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள், இதற்கு நாள் குறிக்கத் தேவையில்லை. குறித்த நாளில் தட்டத்தையும் பாக்குவெட்டியையும் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். வாய் கேட்கும்போது கராம்பு, ஏலக்காய், ஒரு நெல்லிக்காய், அல்லது ஒரு மிடறு தண்ணி. முதல் கிழமை எரிச்சல் வரும், தலையிடிக்கும், நித்திரை குழம்பும்; இரண்டிலிருந்து நாலு கிழமைக்குள் தணிந்துவிடும். வீட்டில் உள்ளவர்கள் அந்தக் கிழமையில் அவர் கத்தினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். சிகரட், பீடி விடுவதற்கும் இதே வழிதான். புகையிலை, மதுசாரம் தொடர்பான தேசிய அதிகார சபையின் 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்து, விடுவதற்கு ஆலோசனை கேட்கலாம்.

மார்பைப் பார்ப்பது

பெண்களுக்கு அதிகம் வருவது மார்பகப் புற்றுநோய். இருபது வயதிலிருந்து மாதம் ஒரு தரம் தானாகப் பார்க்கவேண்டும். மாதவிடாய் தொடங்கி ஒரு கிழமை கழித்துப் பார்ப்பது நல்லது, அப்போது மார்பு இறுக்கமில்லாமல் இருக்கும். மாதவிடாய் நின்றவர்கள் மாதத்தில் ஒரு திகதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பூரணை நாள் மறக்காது.

“தனியறை இல்லை, கண்ணாடி இல்லை, எங்கே நிண்டு பாக்கிறது?” என்று ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. கிணற்றடியில் குறுக்குக்கட்டோடு குளிக்கும்போது சவுக்காரம் பூசிய கையால் தடவிப் பாருங்கள், விரல் வழுக்கும்போது திரளை நன்றாகத் தெரியும். நடுவிரல் மூன்றின் பரந்த பகுதியால், நுனியால் அல்ல, சிறு வட்டமாக அழுத்தி அழுத்தி முழு மார்பையும் பார்த்து, பிறகு அக்குளுக்குள் போகவேண்டும். இரவில் படுத்தபடி, பார்க்கிற பக்கத்துத் தோளுக்குக் கீழே ஒரு துவாயை மடித்து வைத்து மறுபடி பாருங்கள். கண்ணாடி கிடைக்கும் நாளில் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் குழி விழுகிறதா, தோல் தோடம்பழத் தோல் மாதிரித் தடித்திருக்கிறதா, காம்பு புதிதாக உள்ளே இழுபட்டிருக்கிறதா, இரத்தம் கலந்த நீர் வருகிறதா?

கண்ட கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. அதைத் தீர்மானிப்பது உங்கள் கையும் இல்லை, பக்கத்து வீட்டு மாமியும் இல்லை. மிட்வைஃபிடம் சொல்லுங்கள், கிளினிக்கில் வைத்தியர் பார்ப்பார். கட்டி ஏதும் இல்லாவிட்டாலும், இருபதிலிருந்து நாற்பது வயதுவரை மூன்று வருடத்துக்கு ஒரு தரமும் நாற்பதுக்கு மேல் வருடம் ஒரு தரமும் கிளினிக்கில் மார்பைக் காட்டவேண்டும். தாய்ப்பால் கொடுப்பது மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும். மாதவிடாய் நின்ற பிறகு உடம்பு பெருப்பது கூட்டும்.

35, 45: மறக்கக்கூடாத இரண்டு வயது

வெல் வுமன் கிளினிக் இலங்கையில் 1996இல் தொடங்கியது. 35 வயதிலும் 45 வயதிலும் உள்ள பெண்களைத் தேடி அழைப்பது அதன் முக்கிய வேலை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் மெதுவாக வரும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்த மெதுவைத்தான் இங்கே பயன்படுத்துகிறோம். புற்றாவதற்கு முன்னமே கெட்ட கலத்தைக் கண்டுபிடித்து அகற்றிவிடலாம். ஒரு புற்றுநோயை வரமுன்னமே மறித்து நிறுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஆனாலும் நான் கூப்பிட்டு வராத பெண்கள் இந்தக் கிளினிக்குக்குத்தான் அதிகம். காரணம் பயம்கூட இல்லை, கூச்சம். என்ன நடக்கும் என்று யாரும் விபரமாகச் சொல்லாததால் கூச்சம் இன்னும் பெருக்கிறது. ஆகவே விபரமாகச் சொல்கிறேன்.

மாதவிடாய் நாட்களில் போகவேண்டாம். போவதற்கு முந்திய இரண்டு நாள் கணவரோடு சேர்வதையும், உள்ளே வைக்கும் மருந்துகளையும் தவிருங்கள். பாவாடை சட்டையோ சேலையோ உடுத்துப் போனால் முழுதாகக் களையத் தேவையில்லை. முதலில் உயரம், நிறை, பிரஷர், சீனி பார்ப்பார்கள். மார்பைப் பார்ப்பார்கள். பிறகு திரைக்குப் பின்னால் ஒரு கட்டிலில் படுக்கச் சொல்லி முழங்காலை மடிக்கச் சொல்வார்கள், மேலே துணி போர்த்தியிருக்கும். வைத்தியரோ நேர்ஸோ ஒரு சிறு கருவியை உள்ளே வைத்து விரித்து, கருப்பைக் கழுத்தில் மெல்லிய தூரிகையாலோ தடியாலோ தடவி எடுப்பார். இதுதான் பாப் பரிசோதனை. மூச்சை நன்றாக விட்டு இடுப்பைத் தளர்த்தினால் குளிர்ச்சியும் கொஞ்சம் அழுத்தமும்தான் தெரியும். சில நிமிட வேலை. பெண் ஒருவர் பார்க்கவேண்டும் என்று விரும்பினால் முன்கூட்டியே மிட்வைஃபிடம் சொல்லுங்கள், அவர் ஒழுங்கு செய்யப் பார்ப்பார். சொல்வதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

மாதிரி வெளியே ஆய்வுகூடத்துக்குப் போய் வரும், கிழமைகள் ஆகும். எப்போது முடிவு கிடைக்கும், யாரிடம் கேட்பது என்று அன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். “வரேல்லையெண்டால் நல்லதுதானே” என்று இருந்துவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவரின் கடுதாசி வேறொரு பெயர்க்காரரின் கொப்பிக்குள் நாலு மாதம் கிடந்தது. அவர் விடாமல் போய்க் கேட்டதால்தான் கிடைத்தது. கெட்ட கலங்கள் இருந்தன, நேரத்தோடு அகற்றினார்கள், இப்போது பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்.

பிள்ளைப்பேற்றை நிறுத்த ஒப்பரேசன் செய்தவர்களும், மாதவிடாய் நின்றவர்களும், கணவரை இழந்தவர்களும் போகவேண்டும். எங்கள் பகுதியில் கணவரை இழந்த பெண்கள் எத்தனை பேர். “அவர் போன பிறகு எனக்கேன் அந்தக் கிளினிக்” என்று அவர்கள் சொல்லும்போது எனக்கு நெஞ்சு அடைக்கும். இந்தப் புற்றுநோய் ஒரு கிருமியால் வருகிறது, அந்தக் கிருமி உடம்பில் வருடக்கணக்காக இருக்கக்கூடியது. வீட்டுப் பாரம் முழுவதையும் தனியே சுமக்கிற அவர்கள்தான் முதலாவதாகப் போகவேண்டும்.

கணவரோடு சேர்ந்த பின் இரத்தம், மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு இரத்தம் என்றாலும் வயதுக் கணக்கும் கிளினிக் நாளும் பார்க்காமல் உடனே வைத்தியரிடம் போங்கள்.

பிள்ளைகளுக்கு

அந்தக் கிருமியின் பெயர் எச்.பி.வி. அதில் 16, 18 என்ற இரண்டு வகைகள்தான் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் கிட்டத்தட்ட 70 வீதத்துக்குக் காரணம். அவற்றைத் தடுக்கும் ஊசியை 2017இலிருந்து தரம் 6 மாணவிகளுக்குப் பாடசாலையிலேயே போடுகிறார்கள். சம்மதக் கடிதம் வீட்டுக்கு வரும், கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைக்கு இதேன் என்று அப்பாமார் கேட்பதுண்டு. கிருமி தொடுவதற்கு வெகு முன்னமே போட்டால்தான் ஊசி முழுதாக வேலை செய்யும், அவ்வளவுதான் காரணம். பிறகு பிள்ளைப்பேறு இல்லாமல் போகும் என்ற கதை உண்மையில்லை. ஊசி போட்ட பிள்ளையும் 35இல் கிளினிக்குக்குப் போகத்தான் வேண்டும்.

ஈரல் புற்றுநோய்க்குப் பெரிய காரணமான ஹெப்பற்றைற்றிஸ் பி கிருமிக்கு எதிரான ஊசி 2003இல் தேசியத் திட்டத்தில் தொடங்கியது. இப்போது 2, 4, 6 மாதத்தில் போடும் ஐந்து நோய்க்கான ஊசிக்குள்ளேயே அது இருக்கிறது. அதற்கு முன் பிறந்தவர்கள், இடம்பெயர்வில் ஊசி தவறிய பிள்ளைகள், வெளிநாட்டில் பிறந்து வந்தவர்கள் எம்.ஓ.எச்சிடம் கேளுங்கள்.

வீடும் வளவும்

வீட்டுக் கூரைச் சீற் பற்றி யாரும் பேசுவதில்லை. அஸ்பெஸ்ரஸ் நார் நுரையீரலில் போய் இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது. உடையாத கூரை தன்பாட்டில் இருந்தால் பெரிதாகத் தூசு வராது. சண்டை முடிந்து திரும்பி வந்தபோது இடிந்த வீடுகளின் சீற் துண்டுகளை வேலிக்கும் கோழிக்கூட்டுக்கும் கக்கூசு மறைப்புக்கும் எடுத்தோமே, பயம் அதில்தான். வாளால் அறுக்கவேண்டாம், துளைக்கவேண்டாம், பாசி போகக் கம்பித் தூரிகையால் தேய்க்கவேண்டாம். துண்டுகளை எடுக்கத்தான் வேண்டுமென்றால் தண்ணி ஊற்றி நனைத்து, மூக்கு வாய் மூடிக் கட்டி, முழுத் துண்டாகவே எடுத்து, தடித்த பையில் கட்டி, ஆழமாகப் புதையுங்கள். சிறுபிள்ளைகளை அந்த நேரம் வேறு வீட்டில் விடுங்கள். உடுப்பைத் தனியாகத் தோயுங்கள்.

கச்சான் போடுகிறவர்களுக்கு ஒரு சொல். பூஞ்சணம் பிடித்த கச்சானில் அஃப்ளரொக்சின் என்ற நஞ்சு ஊறும். அது ஈரலைக் கெடுக்கும், ஈரல் புற்றுநோயைக் கொண்டுவரும். வறுத்தாலும் அவித்தாலும் முழுதாகப் போகாது. பிடுங்கிய கச்சானைக் கோதுக்குள் பருப்புக் கிலுங்கும்வரை காயவையுங்கள். சாக்கைச் சுவரில் முட்டாமல் பலகைமேல் அடுக்குங்கள். சுருங்கியது, கறுத்தது, கசப்பது என்றால் துப்பிவிடுங்கள். நல்லதைச் சந்தைக்குக் கொண்டுபோய், விற்க முடியாத கூழலை வீட்டுக்கு வைத்துக்கொள்ளும் பழக்கம் எங்களிடம் உண்டு. பிள்ளைகளின் ஈரல் அதற்கு விலை கொடுக்கக்கூடாது. மாட்டுக்குப் போட்டாலும் அந்த நஞ்சு பாலில் திரும்பி வரும். கொப்பராவுக்கும் சோளத்துக்கும் காய்ந்த மிளகாய்க்கும் இதே கவனம் வேண்டும்.

வயலுக்கு மருந்தடிக்கும்போது காற்றுக்கு முதுகு காட்டுங்கள், முழுக்கைச் சட்டை போடுங்கள், முகத்தை மூடுங்கள். மருந்து கலந்த கையால் வெற்றிலை மடிப்பதும் பீடி பற்றவைப்பதும் நேரே நஞ்சை வாயில் வைப்பதுதான். மருந்து வந்த வெறும் கானில் தண்ணி அள்ளவேண்டாம்.

விறகடுப்புக் குசினியில் புகை போக ஒரு வழி வெட்டுங்கள். ஈர விறகு எரிக்காதீர்கள்.

கள்ளு இயற்கையானது, சாராயம்தான் கூடாது என்று சொல்வார்கள். கள்ளிலும் சாராயத்திலும் கசிப்பிலும் உள்ள மதுசாரம் ஒன்றுதான். வாய், தொண்டை, உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பு என்று அது போகிற இடமெல்லாம் புற்றுநோய்க்கு வழிவிடும், குறைந்த அளவிலும்கூட. புகையிலையோடு சேர்ந்தால் வாய்க்கும் தொண்டைக்கும் ஆபத்து பல மடங்கு. பனங்காலத்தில் பதநீர் குடியுங்கள், புளிக்க விடாதீர்கள்.

சாப்பாட்டில் எங்களுக்குப் பெரிய புதுப்பாடம் தேவையில்லை. முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை, குரக்கன், பயறு, குளத்து மீன் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. நாளுக்கு 400 கிராம் மரக்கறியும் பழமும் என்பது கணக்கு. சொசேஜஸ் போலப் பதப்படுத்திய இறைச்சி, ஒரே எண்ணெயில் திரும்பத் திரும்பப் பொரித்தது, இனிப்புச் சோடா ஆகியவற்றைக் குறையுங்கள். தோட்டம் கொத்துபவருக்கு உடற்பயிற்சி சொல்லித்தரத் தேவையில்லை. மோட்டார் சைக்கிளில் ஒபிஸ் போய் வருகிறவர்கள் கிழமைக்கு 150 நிமிடம் வேகமாக நடக்கவேண்டும். குளக்கட்டு அதற்கு நல்ல இடம்.

ஆண்களும் 35இல் போகவேண்டிய இடம்

ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் 2011இலிருந்து அரச ஆசுப்பத்திரிகளில் நடக்கின்றன. எச்.எல்.சி என்று கேட்டாலும் காட்டுவார்கள். 35 வயதுக்கு மேற்பட்ட எவரும், நோ ஒன்றுமில்லாமல், போகலாம். நிறை, பிரஷர், சீனி பார்ப்பதோடு வாயும் பார்ப்பார்கள். பார்க்காவிட்டால் “வாயையும் ஒருக்கால் பாருங்கோ டொக்டர்” என்று நீங்களே கேளுங்கள். காலையில் சாப்பிடாமல் வரவேண்டுமா என்பதை முதல் நாளே விசாரியுங்கள். ஆண்கள் இங்கே வருவது குறைவு. கூலி ஒரு நாள் போய்விடும் என்பது உண்மையான கஷ்டம். மழை பெய்து வேலை இல்லாத நாளைப் பிடியுங்கள், வரிசையும் அன்றைக்குக் குறைவு.

மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் மாறிய மலப்பழக்கம், மூன்று கிழமைக்கு மேல் இருமல், விழுங்கக் கஷ்டம், விழுங்கும்போது கழுத்தில் ஏறி இறங்கும் திரளை, காரணமில்லாமல் நிறை குறைவது, இவற்றை அந்த நாள்வரை வைத்திருக்கவேண்டாம். நேரே ஓ.பி.டிக்கு, அதாவது வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள்.

மறுபடி வரச் சொன்னால்

இந்த இடத்தில்தான் ஆட்கள் காணாமல் போவார்கள். கடுதாசியில் “மேலதிக பரிசோதனை” என்று கண்டதும் புற்றுநோய் என்று முடிவுகட்டி, நாட்டு மருந்து தேடி, கோயிலில் நேர்த்தி வைத்து, ஆறு மாதம் கடத்துவார்கள். நேர்த்தி வையுங்கள், நானும் வைத்திருக்கிறேன். திகதிக்கும் போங்கள். மறுபடி வரச் சொன்னவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. சிறு துண்டு எடுத்துச் சோதிப்பதால் நோய் பரவாது. கத்தி பட்டால் பரவும் என்பது பயத்தில் பிறந்த கதை. இந்த நோய் தொட்டும் ஒட்டாது, ஒரே கோப்பையில் சாப்பிட்டும் ஒட்டாது. மகளுக்குச் சம்பந்தம் பேசமாட்டார்கள் என்று மறைத்து வைத்திருக்கிற வீட்டாரிடம் நான் ஒன்றுதான் கேட்பது: மகளின் கலியாணத்துக்கு அம்மா இருக்கவேண்டாமா?

மாவட்டப் பொது வைத்தியசாலையில் பார்த்து, தேவையென்றால் யாழ்ப்பாண மாவட்டத்துத் தெல்லிப்பழைக்கு அனுப்புவார்கள். தெற்கே தெய்வேந்திரமுனைக்கும் வடக்கே பருத்தித்துறைக்கும் இடையே 2011இல் நடந்த நிதி சேர்ப்பு நடைபயணத்தில், நாடு முழுவதும் உள்ள சனம் கொடுத்த காசில் கட்டிய புற்றுநோய் வைத்தியசாலை அங்கே 2013இல் திறந்தது. அதற்கு முன் வன்னியிலிருந்து பலர் கொழும்புக்குப் பக்கத்து மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய் நாட்கணக்காகத் தங்கவேண்டியிருந்தது. இப்போது காங்கேசன்துறைக்குப் போகும் ரயில் தெல்லிப்பழையிலேயே நிற்கும். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசில்லை. போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் கஷ்டமென்றால் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் நோயாளர் உதவிப் பணம் பற்றிக் கேளுங்கள், வைத்தியரின் கடிதத்தைக் கொண்டுபோங்கள்.

தனியாகப் போகப் பயமென்றால் சேர்ந்து போங்கள். எங்கள் ஒழுங்கையில் ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரு ஓட்டோ பேசினோம், காசு ஐந்தாகப் பிரிந்தது. ஒருவர் உள்ளே போக மற்றவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். ஐந்து பேரின் கொப்பியிலும் முடிவு கேட்கப் போகவேண்டிய திகதியை ஒரே கையெழுத்தில் நானே எழுதிவிட்டேன், ஒருவர் மறந்தாலும் மற்றவர் படலையில் வந்து கூப்பிடுவதற்காக.